450 குதிரைகளோடு சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்

நாள் 1 – வெள்ளி

சித்தப்பா மகன், காசி ராமேஸ்வரம் என்று பத்து நாள் யாத்திரை கிளம்பிவிட்டான். விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது தன் கார் சாவியை என் கையில் வைத்து, "அண்ணே, சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும். எங்கயாச்சும் ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க" என்றான். கூடவே மூன்று கட்டளை. 97 ரகப் பெட்ரோல் மட்டும்தான் ஊற்ற வேண்டும். மரத்தடியில் நிறுத்தக் கூடாது. இதைப் பற்றி எழுதினால் காரின் பெயரையும் நம்பரையும் போடக் கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினேன். ஆகவே பெயர் இல்லை. ஜெர்மன் கார், இரண்டு கதவு, மூன்று லிட்டர் இன்ஜின், அதில் இரண்டு டர்போ, எட்டு கியர், 450 குதிரைத்திறன். இதற்குமேல் கேட்காதீர்கள்.

எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தாய்மாமா இருக்கிறார். பள்ளி விடுமுறையெல்லாம் எனக்கு அங்கேதான், தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பத்து வயதில் ஏதோ பத்திரிகையில் வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் படத்தைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் மாமா வீட்டுப் பலகைச் சுவரில் ஒட்டினேன். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அத்தை அதைக் கிழிக்கவில்லை. படத்தைச் சுற்றிலும் அடித்தார். லயத்தை இடிக்கும்வரை அது அங்கேயே இருந்ததாம். முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த மாதிரி ஒரு காரில் அதே ஊருக்குப் போகிறேன். நெஞ்சு படபடக்க வேண்டாமா? படபடத்தது. ரவாங் தாண்டும்வரை.

காலை ஆறரைக்குக் கிளம்பினேன். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா டோலைத் தாண்டியதும் முன்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து மிதித்தேன். முதுகு சீட்டில் புதைந்தது. வயிறு மட்டும் டோலிலேயே நின்றுவிட்டு, அப்புறம் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. மூன்றாவது கியர் முடிவதற்குள் 110. நாலரை நொடி இருக்கும். ஆகா என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் சட்டம் விடுகிற உச்சம் 110. சுங்கை சிப்புட்டுக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது. இன்னும் ஐந்து கியர் பாக்கி. ஐந்துக்கும் வேலை இல்லை. எட்டாவது கியரில் 110 போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. தூங்குகிறது என்று சொல்லக்கூடாது, மரியாதைக்கு ஓய்வெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுச் சத்தம் கிடையாது, டயர் சத்தம் லேசாக. முள்ளைப் பார்த்தால்தான் வேகம் தெரிகிறது. ஒரு இடத்தில் ரேடியோவில் லயித்துப்போய் முள்ளைப் பார்க்க மறந்துவிட்டேன். பார்த்தபோது எவ்வளவு என்று எழுத மாட்டேன். பயந்துபோய்க் காலை எடுத்தேன். பயந்தது சம்மனுக்குத்தான், கார் எனக்கு ஒரு பயத்தையும் காட்டவில்லை. அப்படிக் காலை எடுத்த நேரத்தில் ஒரு வெள்ளை மைவி, உள்ளூர்ச் சின்னக் கார், பின்னால் வந்து விளக்கடித்துத் தாண்டிப் போனது. இந்த நாட்டில் அது வழக்கம்தான் என்றாலும் கொஞ்சம் வலித்தது.

தஞ்சோங் மாலிம் பலகை வந்தது. புரோட்டோன் கார்த் தொழிற்சாலை இருக்கிற ஊர். 1996ல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியை வாங்கியது இந்தப் புரோட்டோன்தான். 2017 வரை அது மலேசியாவின் கையில் இருந்தது. லோட்டஸ் எலிஸ் விற்பனைக்கு வந்ததும் அதே 1996ல். 118 குதிரைத்திறன், எடை முக்கால் டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. நான் உட்கார்ந்திருப்பதோ அதைப்போல இரண்டு மடங்கு எடை, கிட்டத்தட்ட நான்கு மடங்கு பலம். எலிஸை ஓட்டியதில்லை. ஒருமுறை பெட்டாலிங் ஜெயாவில் நிறுத்தியிருந்த ஒன்றைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே தரையில் கம்பளம்கூட இல்லை, வெறும் அலுமினியத் தகடு. இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இதென்ன கஞ்சத்தனம் என்று அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குத் தாப்பா வரும்வரை அந்தத் தகடுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஈப்போ வடக்கில் இறங்கினால் பழைய ரோட்டில் செம்மோர் வழியாக ஊருக்குப் போய்விடலாம். வேண்டுமென்றே இறங்காமல் கோலகங்சார்வரை போனேன். நடுவில் மெனோரா சுரங்கம். அதற்கு முன்னும் பின்னும் மலை, ஏற்றம், வளைவு. சின்ன வயதில் மாமாவின் லாரியில் அந்த ஏற்றத்தில் ஊர்ந்திருக்கிறேன், இன்ஜின் மூடிமேல் வைத்த காலடிச் சூடு இன்னும் நினைவிருக்கிறது. இங்கேயாவது இந்தக் கார் முழித்துக்கொள்ளும் என்று நம்பினேன். வேக வரம்பு அங்கே இன்னும் குறைவு. இடது தடத்தில் லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறின. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினேன், கொஞ்சம் திரும்பியது. ஏற்றத்தில் மிதித்தேன், ஏறியது. சுரங்கம் வந்தது, போனது. மலையைத் தாண்டிவிட்டேன் என்பதைக் காது அடைத்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாமா வாசலில் நின்றிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர், இப்போது ஓய்வு. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். செருப்புக் காலால் டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"லோடு எவ்ளோ ஏத்தலாம் மாப்பிள்ளை?"

"ரெண்டு பெட்டி மாமா. சின்னதா இருக்கணும்."

"சரி, வா. தண்ணி குடிக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

நாள் 2 – சனி

காலையில் பட்டணத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். மச்சான் மகனையும் கூட்டிப் போனேன், நான்காம் வகுப்பு. காரை எதிரே நிறுத்திவிட்டு ஒரு வாய் வைப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. படம் எடுத்தார்கள். ஒரு பாட்டி கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் பேத்தியின் கன்னத்தைத் தடவினார், எதற்கென்று தெரியவில்லை.

"அண்ணே, எவ்ளோ போகும்?" என்றான் கூட்டத்தில் ஒரு பையன்.

"முந்நூறு போகும்னு எழுதியிருக்கான்."

"நீங்க எவ்ளோ போனீங்க?"

"நூத்திப்பத்து."

அந்தப் பையன் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இந்தக் கார் நிற்கும்போதுதான் அதன் முழு வேகத்தில் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. நிற்கிற கார் முந்நூறு. ஓடுகிற கார் நூற்றிப்பத்து.

கூட்டத்தில் இன்னொரு பையன் பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். 135 சிசி, டூ ஸ்ட்ரோக், ஆறு கியர்; அவன் பிறப்பதற்கு முன்பே வந்த வண்டியாக இருக்கும். கிளம்பும்போது உதைத்தான், மூன்றாவது உதையில் பிடித்தது. நீலப் புகை, எரிந்த எண்ணெய் வாசனை, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். கடையில் இருந்த எல்லாருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. என் தலையும்தான். வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் பார்த்தால் என் காரின் ஒரு சக்கரத்துக்குத் தேறாத வண்டி.

திரும்பும்போது மச்சான் மகன் காருக்குள் இருந்த ஸ்போர்ட் பட்டனை அமுக்கினான். இன்ஜின் சத்தம் உள்ளே கனத்துக் கேட்டது. பையன் சந்தோஷமாகக் கத்தவில்லை, யோசித்தான். பட்டனை அணைத்தான், போட்டான், அணைத்தான். அப்புறம் குனிந்து கதவிலிருந்த ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு சொன்னான்: "மாமா, சத்தம் ரேடியோவுலருந்து வருது!"

நான் நம்பவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி நானும் காதை வைத்துக் கேட்டேன். வருகிறது. இன்ஜினின் உறுமலில் ஒரு பங்கை ஸ்பீக்கரும் பாடிக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இப்படித்தான் என்று படித்திருக்கிறேன். டர்போ சத்தத்தை விழுங்குகிறது. ஐரோப்பாவில் 2018லிருந்து புகைக்குழாயில் வந்து உட்கார்ந்த நுண்துகள் வடிகட்டி இன்னும் கொஞ்சம் விழுங்குகிறது. காசு கொடுத்தவன் கேட்பானே என்று கம்பெனிக்காரன் விழுங்கியதை உள்ளே திருப்பித் தருகிறான். படித்தபோது உறைக்கவில்லை. ஒரு பத்து வயதுப் பையன் ஸ்பீக்கரில் காது வைத்துக் காட்டியபோது உறைத்தது.

மத்தியானம் பழைய தோட்டத்தைப் பார்க்கப் போனோம். கார் தோட்டத்து வாசல்வரைதான். அங்கே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வேகமாகப் போகக்கூடாது என்று தார் கொட்டிக் கட்டியது. குறுக்காக ஏற்றிப் பார்த்தேன். 'கர்ர்க்' என்று ஒரு சத்தம். இந்த முறை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. மூக்கின் அடியில் விரலை விட்டுத் தடவினால் சொரசொரப்பு. தம்பி கீழே குனிந்து பார்க்கிற ஆள் இல்லை என்ற நம்பிக்கையில் இதை இங்கே எழுதுகிறேன்.

வேறு வழியின்றி மாரியம்மன் கோயில் வளாகத்தில் நிறுத்தினோம். நிழல் மரத்தடியில்தான் இருந்தது. இரண்டாவது கட்டளை போயிற்று. மாலையில் திரும்பி வந்தபோது முன்கண்ணாடியில் மைனாக்கள் தங்கள் கருத்தைப் பதிவு செய்திருந்தன.

உள்ளே போனது மாமாவின் கஞ்சில் காரில். பெரொடுவா கஞ்சில் 1994ல் வந்தபோது தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் கார். 659 சிசி, மூன்று சிலிண்டர், எடை 700 கிலோவுக்கு உள்ளே. மாமாவுடையது மங்கிப்போன பச்சை. பவர் ஸ்டீயரிங் இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். செம்மண் ரோட்டில் லாரிகள் உழுத பள்ளங்களுக்கு நடுவே, ஒரு சக்கரத்தை முதுகிலும் ஒரு சக்கரத்தை ஓரப் புல்லிலும் வைத்து மாமா அதை நடத்திக்கொண்டு போனார்.

லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. நிரை நிரையாக, நடுவில் இருட்டு. குழாயடியின் சிமெண்டுத் தளம் மட்டும் பாசி பிடித்துக் கிடக்கிறது. என் படம் ஒட்டிய சுவர் எந்த மரத்தடியில் இருந்திருக்கும் என்று நின்று பார்த்தேன். அத்தை ஒரு மரத்தைக் காட்டி "இங்கதான் அடுப்பு" என்றார், அவ்வளவு உறுதியாக.

வரும் வழியில் மாமா எல்பில் தோட்டம் இருக்கும் திசையைக் காட்டினார். சுங்கை சிப்புட் என்றதும் வரலாற்றுப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16. அன்று காலை எல்பிலில் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் இருவர் என்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீண்டது. எல்பிலுக்குச் சுட வந்தவர்கள் சைக்கிளில் வந்து சைக்கிளிலேயே போனவர்கள். அதனால் பிறகு ரொம்ப நாளைக்குச் சைக்கிள் வைத்திருப்பவன் என்றாலே சந்தேகம் என்று தாத்தா சொல்வாராம். தாத்தாவுக்கும் ஒரு சைக்கிள் ஆசை இருந்தது, காசும் சேர்த்தார். அதற்குள் துண்டாடல் காலம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்க, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960ல் இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளியின் காசைச் சேர்த்துத் தோட்டத்தைத் தொழிலாளிக்கே வாங்க. தாத்தா சைக்கிள் காசைக் கொண்டுபோய் அதில் பங்காகப் போட்டுவிட்டார். கடைசிவரை பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) நடந்தேதான் போனார்.

இதைச் சொல்லிவிட்டு மாமா கேட்டார்: "அந்தக் காருக்கு ரோட் டேக்ஸ் எவ்ளோ?"

"ரெண்டாயிரத்துக்கு மேல மாமா. வருஷத்துக்கு."

"எனக்கு இருவது வெள்ளி" என்றார். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

நாள் 3 – ஞாயிறு

இன்று ஸ்போர்ட்ஸ் காரை எடுக்கவே இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து மாமாவிடம் கஞ்சில் சாவியைக் கேட்டேன். கேட்ட விதத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "லாசா ரோட்டுப் பக்கம் போ. காலையில வண்டி இருக்காது. ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவசரப்படாத" என்றார்.

பனி. கண்ணாடியை இறக்கியதும் மண் வாசனையும் எங்கோ குப்பை எரித்த வாசனையும் உள்ளே வந்தன. ஊரை விட்டு வடகிழக்கே போகும் ரோடு அது. ஒரு பக்கம் செம்பனை, இடையிடையே மிச்சமிருக்கும் ரப்பர் மரங்கள், தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். இரண்டு பக்கமும் கோடு போட்ட ஒற்றை ரோடு, லாரி ஏறி ஏறி ஓரம் உடைந்த தார்.

கியர் குச்சி கையில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. உச்சியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ் மாமாவின் உள்ளங்கைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தால் நடுவில் ஒரு இடத்தில் நிற்கும். அங்கே ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பொறுத்தால் 'டொக்' என்று தானாக விழும். பொறுக்காவிட்டால் கரகரவென்று திட்டும். மூன்று தடவை திட்டு வாங்கினேன். நாலாவது தடவை விழுந்தபோது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

அறுபதில் எல்லாம் கேட்கிறது: டயர், காற்று, மூன்று சிலிண்டரின் தடதடப்பு, டாஷ்போர்டில் எங்கோ ஒரு திருகாணி. எழுபதில் ஸ்டீயரிங் லேசாக உதறத் தொடங்குகிறது. ஒரு ஏற்றம் வந்தது. முன்கூட்டியே பார்த்து, இறக்கத்தில் வேகம் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சேர்க்காமல் போனால் பாதி ஏற்றத்தில் கியரைக் குறைக்க வேண்டியதுதான். முப்பது சொச்சம் குதிரைத்திறனில் ஒரு குதிரையைக்கூட வீணாக்க முடியாது. அடுத்து ஒரு வலது வளைவு, நீளமானது, உள்ளே போகப் போக இறுகுகிறது. ஐம்பதில் நுழைந்தேன். கார் சாய்ந்தது, 145 மில்லிமீட்டர் டயர் முனகியது, ஸ்டீயரிங் கையில் கனத்தது. பின் அந்தக் கனம் கொஞ்சம் லேசானது. முன்சக்கரம் 'இதற்குமேல் முடியாது' என்று சொல்கிற இடம் அதுதான். காலை அரை அங்குலம் தூக்கினேன். மூக்கு உள்ளே வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. முள் நாற்பத்தெட்டு காட்டியது.

நாற்பத்தெட்டு! அந்த ரோட்டில் சட்டப்படி போகக்கூடிய வேகத்துக்கு எவ்வளவோ கீழே. பின்னால் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) வந்த ஒரு பெரியவர் மீன் கூடையோடு என்னைத் தாண்டிப் போனார்.

நாள் முழுக்க மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அந்த ஜெர்மன் காரின் பின் டயர் 305 மில்லிமீட்டர் அகலம். அதே வளைவில் அது கனத்து, முனகி, 'முடியாது' என்று சொல்ல வேண்டுமானால் என்ன வேகத்தில் நுழைய வேண்டும்? அந்த வேகத்தில் எதிரே ஒரு செம்பனை லாரியோ, மீன் கூடைப் பெரியவரோ வந்தால்? ஆக, அந்தக் காரின் சுவாரசியம் தொடங்குகிற இடம் ரோட்டில் இல்லை. ரோடு முடிந்து ரொம்ப தூரத்துக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறது. செப்பாங் ஓட்டப் பாதையில் இருக்கலாம். ஐந்தரை கிலோமீட்டர் சுற்று, எதிரே யாரும் வராத ரோடு. தம்பி ஒருமுறை அங்கே கொண்டுபோய் ஓட்டிவிட்டு இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. அவன் சொன்னதை நம்புகிறேன். ஆனால் அவன் அங்கே போனது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் பங்சார் நெரிசலில் அலுவலகம் போகிறான்.

மத்தியானம் கோழிப் பெரட்டல், நெத்திலி சம்பல், மரவள்ளிக் கிழங்கு. தூங்கிவிட்டேன்.

நாள் 4 – திங்கள்

மாமாவை ஓட்டச் சொன்னேன். தம்பியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "மாமான்னா சரிண்ணே, இன்சூரன்ஸ்ல எல்லா டிரைவரும் இருக்கு" என்றான். மாமா முதலில் மறுத்தார், அப்புறம் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை.

பழைய ரோட்டில் கோலகங்சாருக்கு. இருபது கிலோமீட்டர் இருக்கும். சீட்டில் இறங்கி உட்காருவதே ஒரு வேலை. "கெணத்துல எறங்குற மாதிரி இருக்கு" என்றார். கிளம்பிய முதல் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், லாரி பழக்கம். நேரான இடம் வந்தபோது "மிதிங்க மாமா" என்றேன். மிதித்தார். தொண்ணூறு கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. "யம்மா!" என்றார். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தே பல வருடம். இன்னொரு தடவை மிதித்தார். மூன்றாவது தடவை மிதிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "மாப்பிள்ளை, இவன் என்னை ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறானே."

"என்ன கேக்கணும் மாமா?"

"லாரின்னா கேட்டுக்கிட்டே வரும். முன்னால ஏத்தம், என்ன கியரு போடப் போறே? லோடு எடது பக்கம் தள்ளுது, என்ன செய்யப் போறே? பிரேக்கு சூடாகுது, எறக்கம் எவ்ளோ மிச்சம்? கைக்குச் சேதி வரும், இடுப்புக்குச் சேதி வரும். இவன் எல்லாத்தையும் அவனே பாத்துக்குறான். ஓட்டின மாதிரியே இல்ல. ஒக்காந்து வந்த மாதிரி இருக்கு."

மூன்று நாளாக நான் தேடிக்கொண்டிருந்ததை மனிதர் கோலகங்சார் டோல் பலகை தெரிவதற்குள் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னேன். முன்பு ஸ்டீயரிங்குக்கு உதவியது எண்ணெய் அழுத்தம், அதற்கு இன்ஜின் ஒரு பம்பைச் சுற்ற வேண்டும். இப்போது மின்மோட்டார், தேவைப்படும்போது மட்டும் வேலை செய்வதால் பெட்ரோல் மிச்சம், காரைத் தானே நிறுத்துவதற்கும் தடம் மாறினால் இழுத்துவிடுவதற்கும் வசதி. ஆனால் ரோட்டின் நடுக்கம் கைக்கு வரும் வழியில் பாதியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. கியரையும் அதுவே மாற்றுகிறது, இரண்டு கிளட்ச் வைத்து, அடுத்த கியரை முன்கூட்டியே தயாராகப் பிடித்துக்கொண்டு. சக்கரம் வழுக்கத் தொடங்கியதுமே கம்ப்யூட்டர் பிரேக்கைத் தொட்டுச் சரிசெய்துவிடுகிறது.

மாமா பொறுமையாகக் கேட்டார். "நல்லதுதானே" என்றார். "எனக்கு இதெல்லாம் இருந்திருந்தா மெனோராவுல ரெண்டு தடவ செத்துப் பொழச்சிருக்க வேண்டாம்."

அதுவும் சரிதான். லாரிக்காரருக்கு அது பிழைப்பு, எனக்குப் பொழுதுபோக்கு. சேதி வர வேண்டும், வர வேண்டும் என்று நான் புலம்புவது, லயத்தில் ஒழுகின கூரையை ஏக்கத்தோடு நினைக்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. அப்படி ஏங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் அந்தக் கூரைக்குக் கீழே பானை வைத்தவர்கள் இல்லை. ஆனாலும் நாற்பத்தெட்டில் நெஞ்சு அடித்தது பொய்யில்லையே.

கோலகங்சாரில் அந்த ரப்பர் மரத்தைப் பார்த்தோம். 1877ல், ஹியூ லோ பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டாக (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரியாக) இருந்த காலத்தில், இந்த ஊரில் ஒன்பது கன்று நட்டார்கள். பிரேசில் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து அனுப்பிய கன்றுகள். அதில் மிஞ்சியது என்று வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த மரம் என்று வைத்துக்கொள்ளலாம். மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு பட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் அம்மா பால் வெட்டியவர். "இப்படி முடிச்சு விழுந்த பட்டையில உளி நிக்காது" என்றார்.

திரும்பும்போது ஓட்டச் சொன்னால், "நீயே ஓட்டு, நான் கொஞ்சம் கண்ணசருறேன்" என்றார். 450 குதிரையில் குறட்டை விட்டுக்கொண்டே சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தார்.

நாள் 5 – செவ்வாய்

அத்தை கொடுத்த சாமான்: ஒரு சீப்பு வாழைக்காய், ஊறுகாய் இரண்டு போத்தல், முருங்கைக்கீரை ஒரு கட்டு. பெட்டிக்கு இடம் பத்தவில்லை, கீரை பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது. பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறது.

மச்சான் மகன் பள்ளிக்குப் போகுமுன் ஒரு தாளைக் கொடுத்தான். கார் வரைந்திருக்கிறான். என்னுடையதுதான் என்று நினைத்தேன். பச்சையாக இருந்தது.

பிடோர் தாண்டியதும் மழை. சும்மா மழை இல்லை, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத மழை. மற்ற கார்கள் அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு தவழ்ந்தன. எண்பதுக்குக் குறைத்தேன், அப்புறம் அறுபது. கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு கோடு பிசகாமல் போனது. தண்ணீர் தேங்கிய ஒரு இடத்தில் லேசாக ஒரு துடிப்பு, அதையும் அதுவே சரிசெய்துகொண்டது. கஞ்சிலாக இருந்தால் நிச்சயமாகத் அடுத்த ஓய்விடத்திலேயே ஒதுங்கியிருப்பேன். நன்றி சொன்னேன், மனதாரத்தான். கீரை தூங்கிக்கொண்டிருந்தது.

வீடு வந்து முதல் வேலையாக மைனா எச்சத்தைத் துடைத்தேன். மூக்கின் அடிச் சிராய்ப்பை டார்ச் அடித்துப் பார்த்தேன், விரல் நீளம்தான். இரவு தம்பி காசியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் மணியோசை, படித்துறை விளக்குகள், ஒரு மாடு.

"எப்படிண்ணே இருந்துச்சு? தூள் கெளப்பியிருப்பீங்களே!"

மெனோரா, ஸ்பீக்கர், மாமா சொன்னது என்று எல்லாம் வரிசையாக வாய்வரை வந்தது. அவன் அந்தக் காருக்கு இன்னும் ஏழு வருடம் தவணை கட்ட வேண்டும்.

"பேட்டரி ஃபுல்லா இருக்கு தம்பி" என்றேன்.